லொறி ஏறிய ஆட்டுக்குட்டியும் உரித்தெடுத்த நட்சத்திரங்களும்

நகம் காகிதத்தில் உரசுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காலைக் கூட்டம். முற்றத்தில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பின்வரிசைப் பிள்ளைகளின் தலை மட்டும்தான் தெரிந்தது. முன்னால் கதிரை போட்டு, கொழும்பிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறைச் சுவரிலிருந்து கழற்றி வந்த பெரிய அட்டையை அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் சாத்தி வைத்திருந்தார்கள்.

அந்த அட்டையில் தர்ஷினியின் பெயருக்கு நேரே ஒட்டியிருந்த தங்கநிற நட்சத்திரங்களை எங்கள் ஆசிரியர், பிள்ளைகள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். சில லேசாக வந்தன. சில அட்டையின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தன. உரித்தது விரலை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டபோது காற்சட்டையில் தேய்த்தார்.

தர்ஷினி அழவில்லை. அவருடைய நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சமையலறை வாசலில் அகப்பையோடு நின்றேன். பின்னால் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. திரும்ப மனம் வரவில்லை. அன்று பிள்ளைகள் எல்லோரும் கருகிய பருப்புத்தான் சாப்பிட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கக்கூடிய கதைகளையே எழுதி வந்தேன். போன கிழமை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போட்ட சண்டையை வாசித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்தக் கிழமை சிரிக்க வைக்க என்னால் முடியாது. அந்தக் காலைக்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. என் கோபம் அப்படியே இருக்கிறது.

தலைகீழாக வாசித்தவள்

இந்தத் தொடரைப் புதிதாக எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள் நான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் எழுத வந்தேன் போலிருக்கிறது.

வாசிப்பதற்கு எனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை.

நான் பிறந்த லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், சுவர் மழைக்கு ஊறும். அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சி, தோட்டத்துரை பங்களாவில் கழித்துப் போட்ட பழைய வாரப் பத்திரிகைகளைத் தாள் தாளாகக் கிழித்துச் சுவரில் ஒட்டுவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சில தாள் நேராக இருக்கும், சில தாள் தலைகீழாக இருக்கும்.

ஒரு தொடர்கதையின் தாள் என் படுக்கைக்குப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டியிருந்தது. கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு வாசித்தேன். மூஞ்சிக்கு ரத்தம் ஏறும். கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, திரும்புகிறாள். அத்தோடு தாள் முடிந்தது. மிச்சம் மறுபக்கம். மறுபக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

அதே பத்திரிகையின் இன்னொரு பிரதி பக்கத்துக் காம்பராச் சுவரில் மறுபக்கம் தெரிய ஒட்டியிருக்கிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. கொஞ்சம் உப்பு வாங்கிவா என்று அனுப்பினாலே அடுத்த வீட்டு வாசலில் நின்று விரலைக் கடிக்கிற பிள்ளை நான். ஆனால் அந்தக் காலடி யாருடையது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. போனேன். மூட்டைக்குப் பின்னால் தலையை விட்டேன்.

"என்னடி, அரிசி மூட்டையக் கும்பிடுற?" என்று அந்த வீட்டுச் சித்தி கேட்டார்.

காலடி தபால்காரருடையது. எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனாலும் அவர் கொண்டு வந்த கடிதத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அதற்கடுத்த வீட்டுக்கும் போனேன்.

அந்த நாளில் ஒரு தாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன். தலைகீழாக இருந்த தாளை விட்டுவிட்டு, நேராக இருந்த தாளைத்தான் வாசித்திருப்பேன்.

கடல் பார்க்கப் போகிற வான்

எங்கள் பாடசாலையில் புத்தக அலுமாரி ஒன்று உண்டு. சமையலறையை ஒட்டிய அறையில் பல காலம் பூட்டியே கிடந்தது. அதைத் திறக்க வைத்தவர் இந்தச் சேர்தான். அதை மறைக்க மாட்டேன். மாத்தளை டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். இளம் வயது. ஒரு நாளும் பிள்ளைகளை அடித்ததில்லை.

கொழும்பில் ஏதோ ஒரு நிறுவனம் உதவ முன்வந்தது. ஒரு புத்தகம் வாசித்தால் ஒரு நட்சத்திரம். சேரிடம் கதையைச் சொல்லி ஸ்டிக்கர் வாங்கி, அட்டையில் பெயருக்கு நேரே ஒட்ட வேண்டும். வரிசை நிரம்பிய பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிக் கடல் பார்க்கக் கூட்டிப்போவார்கள்.

எங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையைப் பார்க்கிறவர்கள். கடல் என்றதும் அலுமாரிக்கு முன்னால் அடிபிடிதான்.

முதலில் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை புத்தகத்தோடு குந்தியிருக்கும். அப்புறம் கவனித்தேன். மெல்லிய புத்தகங்கள் மட்டும் கைமாறி மூலை கிழிந்துகொண்டிருந்தன. கீழ்த்தட்டில் இருந்த தடித்த புத்தகங்களைத் தொட ஆளில்லை.

கை கழுவும் குழாயடியில் கதைகள் கைமாறும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

"எறும்புப் புத்தகம் முடிச்சிட்டியா? சீக்கிரம் சொல்லுடா, மணியடிக்கப் போவுது."

"ஒரு யானை, ஒரு எறும்பு. மொதல்ல சண்டை. கடைசில கூட்டாளி."

"குரங்குப் புத்தகம்?"

"அதுலயும் கடைசில கூட்டாளிதான்."

சேரிடம் போய் ஒப்பிப்பார்கள். அவரும் தலையாட்டுவார். ஒரு பிள்ளை சோயா மீட் பைக்கற்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது. "அத்தே, பின்பக்கம் நெறைய எழுதியிருக்கு. இத வாசிச்சா ஸ்டார் குடுப்பாங்களா?"

நான் சிரித்தேன். அன்றே கோபப்பட்டிருக்க வேண்டிய விஷயம் அது.

"நாளைக்கித்தான் தெரியும்"

கீழ்த்தட்டில் கை வைத்த ஒரே பிள்ளை தர்ஷினி. ஐந்தாம் வகுப்பு. பேச்சும் குறைவு, வாசிப்பும் மெதுவு. வரிக்குக் கீழே விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் போவாள். அவர்கள் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். அவள் எடுத்த புத்தகத்தின் முதல் தாளில் ஆட்டுப்படம் இருந்தது. அட்டை போய்விட்டதால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு விரல் தடிப்பு.

ஓர் ஆட்டுக்குட்டி கீரையைத் தின்னப் போய் மரக்கறி லொறியில் ஏறிவிடுகிறது. லொறி புறப்பட்டுவிடுகிறது. குட்டி ஊர் ஊராக அலைந்து வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறது. அதுதான் கதை.

இடைவேளையில் என் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து வாசிப்பாள். அன்றன்றைக்கு நடந்ததை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள்.

"அத்தே, இன்னைக்கு அது டவுனுக்கு வந்திருச்சு."

"எந்த டவுனு?"

"பேர் போடல. தம்புள்ள மாதிரி இருக்கு. எங்க பாத்தாலும் மூட்டை."

"யாராச்சும் புடிச்சிட்டாங்களா?"

"நாளைக்கித்தான் தெரியும்."

"இன்னும் ஒரு தாள் வாசிச்சா இப்பவே தெரிஞ்சிருமே?"

"வேணாம். வீட்டுக்குப் போயி நெனைக்கிறதுக்கு வேணும்."

சோயா மீட் பைக்கற்றிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அடையாளத்துக்கு வைத்துப் புத்தகத்தை மூடுவாள். அந்தத் துண்டு எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று நான்தான் பார்த்தேன். அட்டையில் அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. தடித்த புத்தகத்துக்கும் ஒரே ஒரு நட்சத்திரம்தான், அதுவும் முடித்தால்தான்.

அவளுடைய கூட்டாளி கௌசல்யாவுக்கு அது பொறுக்கவில்லை. கௌசி என்றால் பாடசாலைக்கே தெரியும். அவ்வளவு வாய்.

"ஏ லூசு, சின்னதா ஒண்ணு எடேன்டி. ஆட்டத் தூக்கி அலுமாரியில போடு."

"ஆடு நடுரோட்டுல நிக்குதுடி. எப்பிடி உட்டுட்டு வர்றது?"

பேர் விழ வேண்டும்

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கணக்கு இருக்கிறது. நிறுக்கும்போது அது நிரம்பினால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

நிரையில் ஒருத்தி மாசமாக இருப்பாள். ஒருத்திக்குக் காய்ச்சலாக இருக்கும். அவளுடைய சாக்கு நிரம்பாது. அப்போது பக்கத்து நிரைக்காரி பேச்சுவாக்கில் ஒரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போடுவாள். அடுத்தவளும் போடுவாள். கங்காணி அந்த நேரம் பார்த்து எதிர்மலையைப் பார்ப்பார். நிறுக்கும்போது முழுப் பேர் விழுந்துவிடும். ஒருத்தரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் இதைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள்.

ஒருநாள் கௌசி ஒரு புத்தகத்தை ஒப்பித்து ஸ்டிக்கர் வாங்கினாள். விரல் நுனியில் வைத்துக்கொண்டு அட்டைக்குப் போனாள். தன் வரிசையைத் தாண்டி, தர்ஷினியின் வரிசையில் ஒட்டிவிட்டு வந்தாள். அடுத்த நாள் வேறு ஒரு பிள்ளை. பிறகு இன்னொன்று. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எனக்கு ஏன்டி ஒட்டுறீங்க?" என்று தர்ஷினி குழாயடியில் கேட்டது எனக்குக் கேட்டது.

"வானுல எனக்கு வாந்தி வரும். பையப் புடிக்க ஆளு வேணும்ல? மூடிட்டு ஆட்டப் பாரு" என்றாள் கௌசி.

களவு

கொழும்புக்காரர்கள் படம் எடுக்க வந்த அன்றைக்குத் தர்ஷினியின் வரிசையும் நிரம்பியிருந்தது. அவர்களில் ஓர் அம்மா அன்பாகத்தான் கேட்டார். "இவ்வளவு வாசிச்சிருக்கீங்களே மகள்! அந்தக் குருவிப் புத்தகத்தில என்ன நடந்தது, சொல்லுங்க பார்ப்போம்?"

"நான் அத வாசிக்கல மிஸ்."

"அப்ப எறும்புக் கதை?"

"அதும் இல்ல மிஸ். நான் ஆட்டுப் புத்தகம் வாசிக்கிறேன். இன்னும் முடியல."

பொய் சொல்லத் தெரிந்த பிள்ளையென்றால் ஒரு யானையையும் எறும்பையும் கூட்டாளியாக்கிவிட்டுப் போயிருக்கும்.

சேருடைய முகம் சிவந்தது. "பின்ன இந்த ஸ்டார் எல்லாம் எப்படி வந்திச்சு?"

அவள் கையிலிருந்த ஆட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வரிசைக்குள்ளிருந்து கௌசி சத்தமாகச் சொன்னாள். "நாங்கதான் போட்டோம் சேர். அவளுக்கும் பேர் விழணும்ல?"

பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு களவு" என்றார் சேர். "வாசிப்பிலயும் களவா?"

பிறகுதான் நகம். தர்ஷினியின் கையிலிருந்த புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார். நட்சத்திரம் கொடுத்த பிள்ளைகளின் வரிசைகளையும் உரித்தார். அலுமாரி மறுபடியும் பூட்டப்பட்டது.

கூட்டம் கலைந்ததும் நான் அவரிடம் போனேன். அகப்பையை வைத்துவிட்டுப் போகவும் மறந்திருந்தேன்.

"சேர், அது களவில்ல. மலையில அப்பிடித்தான் செய்றது."

"மலையில நடக்கிறது மலையோட இருக்கட்டும் அக்கா. ஸ்டார் இல்லாட்டி இவங்க புத்தகத்தத் தொடுவாங்களா? நீங்களே சொல்லுங்க."

"தர்ஷினி தொட்டாளே, சேர்."

"ஒரே புத்தகத்த ஒரு மூணு மாசத் தவணை முழுக்க வெச்சிருக்கிறதுக்குப் பேரு வாசிப்பா?"

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது வருகிறது. ஆமாம், சேர். அதற்குப் பெயர்தான் வாசிப்பு. படுக்கையில் போய் நினைப்பதற்கு ஒரு தாளை மிச்சம் வைக்கிற பிள்ளை இந்தத் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அதன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியது வாசிப்பை வளர்க்க வந்த திட்டம்.

அன்று மாலை பீலியில் தர்ஷினியின் அம்மாவைப் பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

"இவ வயித்துல இருந்தப்ப என் சாக்குல யாரு கொழுந்து போட்டா, தெரியுமா அக்கா? கௌசியோட அம்மாதான். அப்ப நான் தின்னது களவுச் சோறா?"

நான் அவருடைய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

வான் சொன்னபடி வந்தது. கடலுக்குப் போனது. எங்கள் பிள்ளைகளில் ஒரு சிலர்தான் ஏறினார்கள். காலியான இடங்களில் ஆசிரியர்கள் வீட்டுப் பிள்ளைகள் டவுனில் ஏறிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் எந்தப் புத்தகத்தை ஒப்பித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வான் போன பிறகு கௌசியும் தர்ஷினியும் என் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். கௌசி வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுப்புக்கு வந்த ஆடு

விடுமுறை முடிந்து புதுப் புத்தகங்கள் பெட்டியில் வந்தன. எல்லாம் மெல்லியவை. இடம் போதவில்லை. சேர் கீழ்த்தட்டைக் காலி செய்து, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து என் விறகுக் குவியல்மேல் போட்டார்.

"ஒருத்தரும் எடுக்கிறதில்ல அக்கா. எல்லாம் கறையான். அடுப்புக்கு வெச்சுக்கோங்க."

தீக்குச்சி கையில் இருந்தது. மேலே கிடந்த புத்தகத்தைக் கிழிக்க எடுத்தேன். அட்டை இல்லை. முதல் தாளில் ஆடு. நடுவில் சோயா மீட் துண்டு அப்படியே இருந்தது.

ஒருத்தரும் எடுக்கிறதில்லையாம்.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் தர்ஷினி வந்ததும் புத்தகத்தை நீட்டினேன். "தர்ஷி, ஆடு திரும்பி வந்திருச்சு."

அவள் தட்டைத்தான் நீட்டினாள். "இதுக்கு ஸ்டார் இல்லியே அத்தே. எனக்கு வேணாம்."

என் வாழ்நாளில் கேட்ட வார்த்தைகளில் இதைப்போல என்னைச் சுட்டது எதுவுமில்லை. அந்தப் பிள்ளை ஒருநாளும் நட்சத்திரம் கேட்டதில்லை. இப்போது அதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கே நான் புத்தகத்தைக் கிழித்தேன். அடையாளத்துண்டு இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு தாளாகக் கழற்றினேன். சுவரில் ஒட்டினால் மறுபக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? அடுப்படித் துணி காயப்போடுகிற கயிறு சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதில் உடுப்புக் கிளிப் போட்டு ஒரு தாளைத் தொங்கவிட்டேன். மறுநாள் அடுத்த தாள்.

வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு வேறு வேலை என்ன? கௌசிதான் முதலில் வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினாள். பிறகு கத்தத் தொடங்கினாள். "அடியேய், ஆடு பொலிஸ் ஸ்டேஷனுக்குள்ள போயிருச்சு!"

"தள்ளுடி, நான் பாக்கணும்."

"பருப்பு வாங்கிட்டு வா, அப்புறம் பாரு."

சேரும் ஒருநாள் வந்து பார்த்தார். "என்ன அக்கா இது, உடுப்புக் காயப்போட்ட மாதிரி?"

"அடுப்புக்குன்னு நீங்க குடுத்தது சேர். எரிக்க முந்திக் கொஞ்சம் காயட்டும்னு போட்டேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. அவர் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தர்ஷினி மட்டும் கயிற்றின் பக்கம் திரும்பாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள், போவாள். தாள்கள் நீண்டுகொண்டே போயின.

பிறகு ஒருநாள் காற்றோடு மழை. கிளிப் கழன்று ஒரு தாள் ஈர நிலத்தில் விழுந்தது. நான் சோற்றுக் கிடாரத்தை, அந்தப் பெரிய அண்டாவை, கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தர்ஷினி அதைப் பொறுக்கித் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரு அத்தே இதக் கிழிச்சது?"

"நான்தான்."

"பொஸ்தகத்தப் போய்க் கிழிப்பாங்களா? உங்களுக்கு அறிவில்ல?"

பத்து வயதுப் பிள்ளை என்னைத் திட்டியது. எவ்வளவு திட்டினாலும் கேட்கலாம் போலிருந்தது.

"இதுக்கு முந்தின தாள் எங்க? நான் வெச்ச துண்டு எங்க? எல்லாத்தையும் எடுங்க. சாக்கு ஊசி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கழற்றிய தாள்கள், கழற்றாத மீதி, சாக்கு ஊசி, நூல். விறகுக் குவியல்மேல் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். இரண்டு தையல் போட்டாள். மூன்றாவது தையலுக்குத் தாளைத் திருப்பினவள் ஊசியைப் பிடித்தபடியே தையலை நிறுத்திவிட்டாள். விரல் வரிக்குக் கீழே போய்விட்டது.

மணியடித்தது. அவள் எழும்பவில்லை. நான் எழுப்பவும் இல்லை. கிடாரத்தைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"அத்தே, கொஞ்சம் மெதுவா கழுவுங்க" என்றாள், தலையைத் தூக்காமலேயே. "ஆடு ஒளிஞ்சிருக்கு."

கிடாரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.